கோங்கு தண்ணீர் குடிக்காத மத்தியானம்

ஒரு நாய் தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தாகம் கண்ணில் தெரிய நின்றும் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை என்றால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? அதேதான் உலகம்மாளுக்கும் தோன்றியது. தோன்றியதை அவள் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சொன்னது அவளுடைய கொழுந்தன் ஆவுடையப்பன். "மதினி, இது வெறிதான்" என்று, மேற்கே கருத்திருக்கிறது மழை வரும் என்பதுபோல, காலையில் தச்சுப் பட்டறை வாசலில் நின்று சொன்னான். சொல்லிவிட்டு, எச்சில் ஒழுக ஒழுக நின்ற கோங்குவைச் சாக்கால் தள்ளித் தள்ளிக் கட்டை அறைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டான். இப்போது மணி பன்னிரண்டு இருக்கும். அவள் புருஷன் பிரம்மநாயகம் மகளைக் கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். ஆவுடையப்பன் வயலுக்குப் போயிருக்கிறான், மூன்று மணிக்கு வருவான், வந்து "பார்த்துக்கொள்வான்". பட்டறையில் உலகம்மாளும் ஒரு வேங்கைமர வாசல் நிலையும் இருக்கிறார்கள். பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் கோங்கு இருக்கிறது. இருக்கிறது என்பதற்கு அடையாளம், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வருகிற ஒரு சத்தம்தான். தரையில் பிராண்டுகிற சத்தமில்லை, கதவைப் பிராண்டுகிற சத்தமும் இல்லை. தன் முகத்தைத் தானே வழிப்பது போல ஒரு சத்தம்.

சர்ரென்று ஓடியது இழைப்புளி. நிலைக்கால் இரண்டில் ஒன்று முடிந்துவிட்டது, இது இரண்டாவது. மில்லில் மெஷின் இழைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் மெஷின் இழைத்த மரத்தில் வெயில் சாய்வாக விழுந்தால் அலை அலையாக வரி தெரியும், வீடு கட்டுகிறவர் வாத்தியார் வேறு, தடவிப் பார்த்தே மார்க் போடுகிற மனுஷன். நாளைக் காலை ஆறு மணிக்கு நிலை வைக்க நேரம் குறித்திருக்கிறது. "ஏளா, நிலையை முடிச்சு வை, கதவைத் திறக்காத, கிட்டயே போகாத" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான் பிரம்மநாயகம். சரி என்று இவளும் புடவையை ஏற்றிச் செருகினாள். பொம்பளை இழைப்புளி பிடிக்கிறாளே என்று ஊரில் முதல் ஒரு வருஷம் பேசினார்கள், அடுத்த வருஷம் கட்டில் கால் ஆடுகிறது என்று அவளிடமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு அவ்வளவுதான், ஒரு கட்டில் கால் ஆடுகிறவரைக்கும். அடியிலிருந்து நுனிக்கு, அடியிலிருந்து நுனிக்கு. மரம் நின்றபோது எது கீழே இருந்ததோ அது நிலையிலும் கீழேதான் நிற்க வேண்டும், அதற்காக அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள். நெற்றி வியர்வை ஒரு சொட்டு மரத்தில் விழுந்தது. வேங்கை அல்லவா, விழுந்த இடம் உடனே மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, காயம்போல ஆயிற்று. மகள் உமையாள் பிறந்த முப்பதாம் நாள் இதே வேங்கையின் பாலைத்தான் காய்ச்சிக் கறுப்பாக்கிப் பொட்டு வைத்தார்கள், கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. உள்ளங்காலில் எதற்கு என்று கேட்டதற்கு, நடக்க ஆரம்பித்தால் எங்கெல்லாம் போகுமோ யார் கண்டார்கள் என்றார்கள். எங்கே போயிற்று, நேராக நாயின் வாய்க்குத்தான் போயிற்று. இழைப்புளி கணுவில் முட்டி நின்றது. இந்த இடத்தில் ஒரு கணு இருக்கிறது, அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு தள்ளுக்கும் வழுக்கிக்கொண்டே வந்து சரியாக இங்கே முட்டுகிறது. கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம். முகத்தை வழிக்கிற சத்தம்.

காலையில் நடந்தது இவ்வளவுதான், அதைத்தான் அவள் இருபது தடவை நடத்திப் பார்த்துவிட்டாள். அடுப்படியில் தோசை. முற்றத்தில் உமையாள், நாலு வயசு, கையில் பாதித் தோசை. "அம்மா, கோங்கு ஆ காட்டுதும்மா." "காட்டட்டும், நீ தின்னு." தினமும் இவள் அந்தப் பிள்ளையிடம் ஆ காட்டு, ஆ காட்டு என்று தொண்டை வற்றக் கெஞ்சுகிறாளே, வாயைத் திறந்து வைத்திருந்தால் ஊட்ட வேண்டும் என்றுதானே பிள்ளைக்கும் படும். ஊட்டியிருக்கிறாள். அடுத்து ஒரு சின்ன "ஸ்ஸ்". அழவில்லை, வந்து கையை நீட்டினாள், புறங்கையில் ஊசியால் கோடு கிழித்த மாதிரி ஒரு கீறல், கோட்டின் கடைசியில் ரத்தம் ஒரு கடுகு அளவு. "கோங்கு கடிக்கலம்மா, நான்தான் கையை விட்டேன்." இவள் அந்தக் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்பு பாதி கரைகிறவரைக்கும் கழுவினாள், கழுவிக்கொண்டே பாட்டு வேறு பாடினாள், பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று. என்ன பாட்டு பாடினோம் என்று இப்போது யோசித்தால் வரவில்லை. பிரம்மநாயகம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். "ஊசி போட்டுட்டா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான், யாரும் ஏதும் கேட்காமலே. நாலு ஊசியாம், இன்றைக்கு முதல் ஊசி. பிள்ளைக்குப் பயமில்லை, பிள்ளைக்குப் பயமில்லை. சர்ர். அதை இழைத்தாயிற்று, வழவழவென்று ஆகிவிட்டது, அந்த இடத்தில் மனசு வழுக்கிப் போகிறது. முட்டுகிறது அடுத்த இடத்தில். வண்டியை உதைத்தபின் அவன் திரும்பி, கட்டை அறைக் கதவைப் பார்த்து, "ஆவுடை வந்தான்னா..." என்றான். அவ்வளவுதான் சொன்னான். வந்தால் என்ன? காத்திருக்கச் சொல்வதா, காத்திருக்க வேண்டாம் என்பதா? மரத்தில் பாதி அறுத்து வாளை அப்படியே விட்டுவிட்டுப் போனதுபோல ஒரு வாக்கியம். சாகட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், பிழைக்கட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், இவள் இந்தப் பக்கம் ஆட்டினால் இப்படி வருகிறது, அந்தப் பக்கம் ஆட்டினால் அப்படி.

கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் ஒரு பலகைபோலச் சாய்ந்து இறங்கி, அதற்குள் மரத்தூள் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. கணுக்கால் வரைக்கும் இழைப்புச் சுருள். மிதித்தால் மிதிக்கிற மாதிரியே இல்லை, தண்ணீரில் நிற்பதுபோல, மேகத்தில் நிற்பதுபோல. இப்படி ஒரு சுருளுக்குள்தான் கோங்கு வந்தது. மில்லிலிருந்து ஒரு சாக்கு நிறையச் சுருள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், மரத்தூள் அடுப்புக்கு. உலகம்மாளுக்கு அப்போது எட்டு மாசம். குனிய முடியாமல் சாக்கைச் சாய்த்து அடுப்பில் தட்டப் போனவளுக்கு, சுருளோடு சுருளாக ஒரு சுருள் மட்டும் கொட்டாவி விட்டதுபோல இருந்தது. தீப்பெட்டி கையில் இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் என்று நினைத்து அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. குட்டியின் நிறம் அப்படியே கோங்குப் பலகை நிறம், அதனால் கோங்கு. "பிள்ளைக்கும் மரத்துப் பேரா வைக்கப் போறீக?" என்று ஆவுடையப்பன் கேட்டான். "ஆமா, ஆம்பளைப் பிள்ளன்னா உங்க பேரை வைக்கலாம்னு இருந்தேன், நீங்களும் ஒரு மரக்கட்டைதானே" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை அவன். பிறகு நாய் அவன் பின்னாலேயே வயலுக்குப் போக ஆரம்பித்தது, அவன் வரப்பில் உட்கார்ந்தால் அது வரப்பில், அவன் சோற்றுப் போணியைத் திறந்தால் மூடி அதற்கு. நிலை வைக்கப் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் வந்துவிடும். சுவர் எழும்பாத வெறும் மனையில் நிலை மட்டும் தனியாக நிற்கும். சுற்றி எவ்வளவு இடம் கிடந்தாலும் ஒருவரும் சுற்றிப் போக மாட்டார்கள், இல்லாத வீட்டின் வாசல் வழியாகத்தான் குனிந்து நுழைவார்கள். வேடிக்கையாக இருக்கும். கோங்கு எல்லோருக்கும் முந்தி நுழைந்து, இல்லாத வீட்டின் நடுக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாளைக்கு யார் படுப்பார்கள்? கண்ணை மூடினால் அந்த மனை வந்தது, நிலை வந்தது, நிலைக்குள் ஆகாசம் செவ்வகமாக வந்தது, ஒன்றும் நுழையவில்லை. கை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டே இழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புங்கள், தொட்டிலை ஆட்டிக்கொண்டே தூங்குகிறவளுக்கு அதெல்லாம் பெரிய காரியமில்லை.

உலகம்மாள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், பத்மாவதி டீச்சர் ஓடி வந்து கதவைச் சாத்தினாள். டீச்சர் சேலையில் இடுப்புப் பக்கம் சாக்பீஸ் தூள், ஒரு கை அளவுக்கு, அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. ஜன்னலில் முப்பது முகம். மைதானத்தில் ஒரு செவலை நாய், வாய் மூடவில்லை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்தது, எதையோ கேட்க வருகிறவர் நடையில். கம்போடு ஏழெட்டுப் பேர். டீச்சர் பிள்ளைகளைத் திருப்பி உட்காரவைத்து எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். ஓர் எட்டு எட்டு. ஈரெட்டுப் பதினாறு. மூவெட்டு என்னும்போது வெளியே ஒரு சத்தம், அடுத்த சத்தம். முப்பது பேரும் இன்னும் உரக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் எட்டாம் வாய்ப்பாட்டில் மூவெட்டு அவளுக்குத் தடுக்கும். அந்த நாய்க்கு வெறிதானா என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அடித்தபிறகு யாரைக் கேட்பது? அது எதைக் கேட்க வந்தது? சர்ர். முட்டியது. கணு. உளியை எடுத்துக் கணுவின் முனையைச் சீவினாள், சீவல் அவள் கன்னத்தில் தெறித்து ஒட்டியது. இந்நேரம் உமையாளுக்கு ஊசி போட்டிருப்பார்கள். அழுதிருப்பாளோ? அழுதால் அவள் அப்பா பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருப்பார், அழாவிட்டால் இரண்டாக வாங்கிக் கொடுத்திருப்பார். வந்ததும் முதல் கேள்வி கோங்கு எங்கே என்றுதான். அதற்கு ஒரு பதில் வேண்டும். மில்லுக்குப் போயிருக்கு என்று சொல்லலாம். ஆச்சி ஊருக்குப் போயிருக்கு என்று சொல்லலாம். நான்தான் கையை விட்டேன் என்று சொன்ன பிள்ளை அது, ஒரு நாள் பெரியவளாகி, என்னால்தானே அதை அடித்தீர்கள் என்று கேட்கும். அப்போது இவள் வாயில் மூவெட்டு வந்து நிற்கும்.

இழைப்பு முடிந்தது. உள்ளங்கையால் தடவினாள், வாத்தியார் முழு மார்க் போடுவார். இனிக் குறுக்குச் சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தைத் துளையில் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடிக்க வேண்டும். நிலையில் இரும்பு ஆணி ஏறக் கூடாது, அது இவர்கள் வழக்கம், மரத்துக்கு மரம்தான் பிடி. ஆணியை முதல் நாளே எண்ணெயில் ஊறப்போட்டால்தான் பிளக்காமல் இறங்கும். டப்பாவை எடுக்க பெஞ்சுக்கு அடியில் குனிந்தாள். டப்பா கவிழ்ந்து கிடந்தது. சுருளெல்லாம் எண்ணெய். ஓர் ஆணியைப் பொறுக்கினாள், முனை நசுங்கி, புள்ளி புள்ளியாகப் பல் பதிந்திருந்தது. இன்னொன்றில் பாதிதான் இருந்தது. அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். கொண்டுபோனவள் அப்படியே சுருளில் உட்கார்ந்துவிட்டாள். நெத்திலி மணம். எப்போதும் வேப்பெண்ணெய்தான் ஊற்றுவார்கள், பூச்சி அரிக்காது, கசப்புக்கு எலிகூட வராது. நேற்றைக்கு வேப்பெண்ணெய் தீர்ந்திருந்தது. கடைக்கு யார் நடப்பது, எண்ணெய் எண்ணெய்தானே என்று, ஞாயிற்றுக்கிழமையாச்சே என்று நெத்திலி பொரித்து மிச்சமிருந்த கடலை எண்ணெயை டப்பாவில் ஊற்றியது வேறு யாருமில்லை. வாத்தியார் வீட்டு நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டப் போகிறார்கள், அதற்குள் நெத்திலி என்று புருஷனுக்குத் தெரிந்தால் உளியைத் தூக்கி எறிவான் என்பதால் வாயே திறக்காமல் மூடி வைத்தாள். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. தன் முகத்தைத் தானே வழிக்கிற சத்தம். இரண்டு முன்னங்காலாலும் கன்னத்தை வழித்து வழித்து, வாய்க்குள் இருக்கிற எதையோ எடுக்கப் பார்க்கிறவர் போடுகிற சத்தம்.

கதவைத் திறக்காதே என்றுதானே புருஷன் சொன்னான், பார்க்காதே என்று சொல்லவில்லையே. கதவில் இரண்டாம் பலகைக்கும் மூன்றாம் பலகைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து. இவர்கள் வீட்டுக் கதவுதான் ஊரிலேயே மோசமான கதவு. செல்போன் வெளிச்சத்தைச் சந்தில் வைத்து, "கோங்கு" என்றாள். கட்டைகளுக்கு நடுவில் கிடந்த தலை நிமிர்ந்தது. சீறவில்லை, பாயவில்லை. கண் இவள் கண்ணைத்தான் தேடியது. "கோங்கு, ஆ காட்டு." அது புரிந்து காட்டியதா, வாய் அப்படித்தான் இருந்ததா, அதெல்லாம் யார் கண்டார்கள். வெளிச்சம் மேல்வாயில் விழுந்தது. சிவப்புக்கு நடுவில், கடைவாய்ப் பல்லிலிருந்து கடைவாய்ப் பல்லுக்கு, விட்டம் போட்டதுபோலக் குறுக்கே ஒரு வெளிறிய கோடு. இறுகச் செருகி நிற்கிறது. எண்ணெயில் ஊறிய மூங்கில் அல்லவா, பிளக்காது. பிளக்காமல் இருக்கத்தானே ஊறப்போட்டாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதுதான், இதேதான். ஆனால் இதுவும் இருந்து அதுவும் இருந்தால்? ஆணி மாட்டிய நாய்க்கு வெறி வராது என்று எந்தச் சட்டம்? மனசு முட்டியது, பின்வாங்கியது, மறுபடி வந்து முட்டியது. நேற்று ராத்திரிச் சோற்றை வழித்துத் தின்றது. விடிகாலையில் வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தது. தண்ணீரைக் கண்டு ஓடவில்லை, தண்ணீருக்கு மேலேயே நின்றது. முட்டி, பின்வாங்கி, இந்தத் தடவை கொஞ்சம் வழுக்கியது. மாட்டு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார், இன்றைக்குத் திங்கள். தண்ணீர் இல்லாமல் வெள்ளிவரை எந்த உயிர் இருக்கும்? பெஞ்சிலிருந்து ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்தாள். தடிச் சாக்கு இரண்டை எடுத்துக் கைக்கு ஒன்றாக முழங்கை வரைக்கும் சுற்றிக் கயிற்றால் இறுக்கினாள், பல்லால் முடிச்சுப் போட்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ஆவுடையப்பன். வயல் சேறு முழங்கால் வரைக்கும் காய்ந்திருந்தது, கையில் புதிதாக வெட்டிய புளியங்கம்பு, பட்டைகூட உரிக்கவில்லை. கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

"மணி ரெண்டுதானே ஆகுது, கொழுந்தனாரே."

"வேலை ஓடல மதினி. வரப்புல உக்காந்தா பக்கத்துல இடம் காலியா கிடக்கு." மூக்கைத் தோளில் துடைத்தான். "நீங்க வீட்டுக்குள்ள போங்க. சத்தம் கேக்கும். ரேடியோவ வச்சுக்கிடுங்க."

"நான் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கிடுதேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இந்தச் சந்துல வந்து பாருங்க."

"நான் பார்க்க மாட்டேன். பார்த்தா அடிக்க முடியாது."

"அதுக்குத்தான் பார்க்கச் சொல்லுதேன்."

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நெற்றி பலகையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. "அது என்ன மதினி, எலும்பா?"

"நிலைக்கு அடிக்கிற ஆணி. நெத்திலி எண்ணெயில ஊறப்போட்டேன். திட்டுகதா இருந்தா பிறகு திட்டுங்க."

"நெத்திலியா? வாத்தியார் வீட்டு நிலைக்கா?" என்று சிரிக்கப் போனவனுக்கு முகம் மாறிப் போயிற்று. "இருந்தாலும் உள்ள போகக்கூடாது. ஒருவேளை வெறியாவும் இருந்துட்டா? அண்ணன் என்னைக் கொன்னுருவான்."

"இருக்கலாம். இல்லன்னு நான் சத்தியம் பண்ணல. எடுத்துப் போட்டுட்டு, தண்ணியை வச்சு, பத்து நாள் இதே அறையில அடைச்சு வைப்போம். குடிச்சுதுன்னா நம்ம நாய், குடிக்கலன்னா நீங்க சொல்லுகபடி. ஊசிதானே, நாளைக்கு நானும் போயிக் கையை நீட்டுதேன், உங்களையும் கூட்டிட்டுப் போறேன். உமையா நமக்குத் தைரியம் சொல்லுவா."

உள்ளேயிருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை மெதுவாக, அலுத்துப்போனவர் கைபோல. ஆவுடையப்பன் கம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கம்பு எவ்வளவு பருமன் என்று உலகம்மாள் கண்ணாலேயே அளந்தாள். ஒரு கட்டைவிரல் பருமன், பச்சைக் கம்பு, பல் இறங்கினாலும் முறியாது. சாக்கு சுற்றிய கையை நீட்டினாள்.

"கொழுந்தனாரே, அந்தக் கம்பை இங்க தாங்க. வாயை மூடிராம இருக்க, பல்லுக்குக் குறுக்க குடுக்கணும். நீங்க பின்னால இருந்து கழுத்தை மட்டும் அணைச்சுப் பிடிச்சுக்கிடுங்க, வரப்புல உக்காந்து பிடிப்பீகளே, அதே மாதிரி. அழாம பிடிங்க, கண்ணு மறைக்கும்."